நாய்க்கு ஊசி போட்டாச்சா? – 140 வருடக் கதை



இன்று செப்டம்பர் 28. 1895-ஆம் ஆண்டு இதே நாளில்தான் லூயி பாஸ்டர் மறைந்தார். அவர் நினைவாக 2007 முதல் இந்த நாளை உலக ரேபிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்குப் பாஸ்டர் பாடம் நினைவிருக்கும். தாடி வைத்த தாத்தா படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பக்கத்தில் ஒரு நாயையும் வரைவேன். நாய் எப்போதும் ஆடு மாதிரிதான் வரும். நீங்கள் சிரிப்பீர்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பாடம் நடத்திய நான், இந்த வருடக் கோடை விடுமுறையில் அந்தப் பாடத்திலேயே தோற்றுப் போனேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டு நாய் ராஜாவை உங்களில் பலருக்குத் தெரியும். ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் வாலாட்டி வரவேற்பவன். மே மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். ராஜா சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது தட்டில் கை வைத்துவிட்டான். ராஜா கவ்வி விட்டான். ஆழமான கடி இல்லை. ஆனால் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். காயத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, நாய்க்கு ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கும்மா, வீட்டு நாய்தான்" என்றேன்.

"கடைசியா எப்போ?"

பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவில் ராஜாவின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். கடைசித் தேதிக்கு மேல் இரண்டு வருடம் ஓடியிருந்தது. "அடுத்த ஊசி" என்ற கட்டத்தில் தேதி எழுதி இருந்தது. அந்தத் தேதிக்கு யாரும் போகவில்லை. அந்த யாரும் நான்தான்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பாஸ்டர் கதையை நான் இத்தனை வருடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. விட்டுப்போன மறுபாதியை இங்கே எழுதுகிறேன்.

வெறிநாய்க்கடி மனிதனுக்கு மிகப் பழைய பகை. ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய இராக் பகுதியில் எஷ்னுன்னா என்று ஒரு நகர அரசு இருந்தது. களிமண் பலகையில் எழுதிய அதன் சட்டங்கள் கிடைத்திருக்கின்றன. அதில் ஒரு சட்டம்: ஒருவருடைய நாய்க்கு வெறி பிடித்திருக்கிறது என்று ஊர் அதிகாரிகள் அவரிடம் சொல்லியும், அவர் அதைக் கட்டி வைக்காமல், அது ஒருவரைக் கடித்து அவர் இறந்துபோனால், நாய்க்குச் சொந்தக்காரர் 40 ஷெக்கல் வெள்ளி அபராதம் கட்ட வேண்டும். இறந்தவர் அடிமையாக இருந்தால் 15 ஷெக்கல். மனித உயிருக்கு அப்படி இரண்டு விலை வைத்த காலம் அது. ஆனாலும் பொறுப்பு நாயுடையது அல்ல, வளர்ப்பவருடையது என்பதை அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் சுஸ்ருத சம்ஹிதையில் வெறி பிடித்த நாய், நரி இவற்றின் கடியைப் பற்றி விவரம் இருக்கிறது. கடிபட்டவர் தண்ணீரைக் கண்டு அஞ்ச ஆரம்பித்தால் பிழைக்க மாட்டார் என்று அது சொல்கிறது. அந்த வாக்கியம் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே உண்மை. நோய்க்குறி வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. மருத்துவம் இவ்வளவு வளர்ந்த பிறகும் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மருந்து இல்லாத காலத்தில் அரசுகள் செய்தது ஒன்றுதான், நாய்களைக் கொல்வது. 1832-இல் பம்பாயில் தலைக்கு இவ்வளவு காசு என்று கொடுத்துத் தெருநாய்களை ஆங்கில அரசு அடித்துக் கொல்ல வைத்தது. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி மக்கள் கொதித்தெழுந்து கடைகளை அடைத்துப் போராடினார்கள். பம்பாய் நகரத்தின் முதல் பெரிய கலவரங்களில் ஒன்று நாய்களுக்காக நடந்தது என்றால் நம்புவீர்களா?

இப்போது பாஸ்டருக்கு வருவோம். நான் வகுப்பில் சொன்னது இதுதான். 1885 ஜூலை 6. ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையன். அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவன். வெறிநாய் பல இடங்களில் கடித்திருந்தது. அம்மா அவனைப் பாரிஸுக்கு அழைத்து வந்தார். பாஸ்டர் வேதியியல் படித்தவர், டாக்டர் அல்ல. அதனால் அவர் கையால் ஊசி போட முடியாது. கிரான்ஷே என்ற டாக்டர் போட்டார். நோய்ப்பட்ட முயலின் தண்டுவடத்தை எடுத்து உலர வைத்து வீரியம் குறைத்த மருந்து அது. பத்து நாள் அளவில் 13 ஊசி. பையன் பிழைத்தான். மறு வருடம் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க்கிலிருந்து ஓநாய் கடித்த 19 விவசாயிகள் அவ்வளவு தூரம் பாரிஸுக்கு வந்தார்கள். 16 பேர் பிழைத்தார்கள். உலகமே நன்கொடை அனுப்பியது. 1888-இல் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது.

நான் சொல்லாமல் விட்டது இது. ஜோசப்புக்கு முன்னால் பாஸ்டர் இந்த மருந்தை நாய்களுக்குத்தான் போட்டுப் பார்த்தார். எல்லா வயதிலும் எல்லா இனத்திலும் 50 நாய்களுக்குப் போட்டு, ஒன்றுகூடத் தவறாமல் அவற்றுக்கு எதிர்ப்பு சக்தி வந்தது என்று அந்த வருட அக்டோபரில் அறிவியல் கழகத்தில் அவரே அறிவித்தார். அதாவது பாஸ்டரின் ரேபிஸ் தடுப்பூசி முதலில் நாய்க்குப் போட்டதுதான். எல்லா நாய்களுக்கும் போட்டுவிட்டால் நோயே வராதே என்ற யோசனையும் அப்போதே இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் பல ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் புதிதாகத் தயாரித்த முயல் தண்டுவடம். பிரான்சில் இருந்த லட்சக்கணக்கான நாய்களுக்கு அதைச் செய்வது நடக்காத காரியம். எனவே கடிபட்ட மனிதனுக்குப் போடுவது என்ற வழி நிலைத்துவிட்டது. நோயின் வேரை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்தோம்.

நம் பக்கத்துக்கு வருவோம். பிரான்சுக்கு வெளியே பாஸ்டர் நிறுவனத்தின் முதல் கிளை 1891-இல் சைகோனில் தொடங்கியது. தொடங்கியவர் ஆல்பர்ட் கால்மெட். பின்னாளில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். அந்தக் காலத்தில் நம் புதுச்சேரிக்காரர்கள் எத்தனை பேர் சைகோனில் வேலை பார்த்தார்கள்! "சைகோன் தாத்தா" இல்லாத பழைய குடும்பம் நம் ஊரில் குறைவு. அங்கே நாய் கடித்தால் அந்த ஊரிலேயே ஊசி இருந்தது.

ஆங்கில இந்தியாவில் முதல் நிறுவனம் 1900-இல் இமாலயத்தில் உள்ள கசௌலியில் வந்தது. தெற்கே இருந்தவர்களுக்கு அது எட்டாத தூரம். 1902-இல் நீலகிரியில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு, 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரில் பழைய கட்டடம் ஒன்றைக் காட்டுவேனே, அதுதான்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் ஒரு குழந்தையை வெறிநாய் கடித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு 1879 முதல் ரயில் இருந்தது. அங்கிருந்து வண்டி மாறி மாறி மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலில் குன்னூர். அங்கே தங்கித் தினமும் ஊசி. வசதி உள்ளவர் போயிருப்பார். மற்றவர் மந்திரிக்கப் போயிருப்பார்.

இந்தத் தூரத்தைக் குறைத்தது 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பு மருந்து. ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று தயாரித்தது. பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. பெரியாஸ்பத்திரிகளில் கிடைத்தது. லட்சக்கணக்கான உயிர்களை அது காப்பாற்றியது. ஆனால் வயிற்றில் நாள்தோறும் பெரிய ஊசி. சிலருக்கு அந்த மருந்தினாலேயே நரம்புத் தளர்ச்சி, பக்கவாதம் வந்ததும் உண்டு. "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்று நாமெல்லாம் பயந்தது இதற்குத்தான். 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் இந்த மருந்தைக் கைவிட்டார்கள். இப்போது போடுவது கையில் போடும் சின்ன ஊசி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 1980-களின் நடுவில். பிள்ளைகள் வழியில் நாய்மேல் கல் எறிவார்கள், குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். அதைத் தடுக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "நாய்கிட்ட போனீங்கன்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி!" என்று வயிற்றில் விரலால் குத்திக் காட்டுவேன். வகுப்பே நடுங்கும். எனக்குத் திருப்தியாக இருக்கும்.

அந்த வகுப்பில் ஒரு பையன். அவர்கள் வீட்டுக் கொல்லையில் வளர்ந்த குட்டி காலில் கடித்திருக்கிறது. அவன் வீட்டில் சொல்லவில்லை. குட்டி சில நாளில் செத்துப்போனது. குட்டிதானே என்று எல்லாரும் மறந்துவிட்டார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. தண்ணீர் குடிக்க முடியாமல் போன பிறகுதான் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் கடித்ததைச் சொல்லியிருக்கிறான். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அவன் அம்மா கேட்டதற்கு, "ஊசி போடுவாங்க" என்றானாம். துக்கம் விசாரிக்கப் போனபோது அந்த அம்மா என்னிடம் சொல்லி அழுதார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

அதன்பின் ஊசியை வைத்து ஒரு பிள்ளையையும் நான் பயமுறுத்தியதில்லை. ஆனால் அந்தக் குட்டிக்கு ஒரு ஊசி போட்டிருந்தால் என்ற கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. நாட்டு நாய்க்கு யார் ஊசி போட்டார்கள் அன்று? பணக்காரர் வீட்டு அல்சேஷனுக்கு மட்டும்தான்.

ஆனால் அப்படி ஒரு வழி 1921-லேயே வந்துவிட்டது. ஜப்பானில் உமேனோ, டோய் என்ற இருவர் நாய்க்கு ஒரே ஊசியில் பயன் தரும் மருந்தை உருவாக்கினார்கள். பாஸ்டருக்கு நடைமுறையில் முடியாமல் போனது அதில்தான் முடிந்தது. போருக்குப் பின் ஜப்பானில் நோய் மறுபடி தலைதூக்கியது. 1950-இல் சட்டம் போட்டு, நாய்களைப் பதிவு செய்வதையும் தடுப்பூசி போடுவதையும் கட்டாயமாக்கினார்கள். 1957-க்குப் பிறகு அந்த நாட்டுக்குள் இந்த நோய் பரவவே இல்லை. ஏழே வருடம்.

பக்கத்து நாடு இலங்கையில் 1973-ஆம் ஆண்டு மட்டும் 377 பேர் இறந்தார்கள். அதன்பின் நாய்களுக்குப் பெரிய அளவில் ஊசி போடத் தொடங்கினார்கள். இப்போது வருடத்துக்கு 50-க்கும் கீழே வந்துவிட்டது. நம்மைப் போலவே ஐரோப்பியர் ஆட்சியில் இருந்த கோவாவில், தெருத்தெருவாக வலை கொண்டு போய் நாய்களைப் பிடித்து ஊசி போட்டு அங்கேயே விட்டார்கள். 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட முதல் மாநிலம் அதுதான்.

கணக்குச் சொல்லட்டுமா? ஒரு ஊரில் பத்து நாய் இருந்தால் ஏழுக்கு எதிர்ப்பு சக்தி இருக்க வேண்டும். அந்த 70 சதவீதம் இருந்தால் கிருமிக்கு ஒரு நாயிலிருந்து அடுத்த நாய்க்குத் தாவ வழி கிடைக்காது. சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் அடித்துக் கொன்று இந்த நோயை ஒழிக்க முடியவில்லை. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத புது நாய்கள் வந்துவிடும். சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பினர் 1960-களிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடுங்கள் என்றார்கள். முப்பது வருடம் கழித்துத்தான் மாநகராட்சி கேட்டது. 2001-இல் மத்திய அரசின் விதியாகவும் அது வந்தது.

தெருநாய்களைப் பற்றி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. வாட்ஸ்அப்பில் நம் சொந்தக்காரர்களே இரண்டு கட்சியாகச் சண்டை போட்டார்கள். நானும் கருத்துச் சொன்னேன். "நகராட்சி என்ன செய்கிறது?" என்று கேட்டேன். அப்போது ராஜாவுக்குப் புது ஊசி போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த ஏழு நாய்க் கணக்கில் நம் வீட்டு நாயும் ஒன்று. தெருநாய் அரசின் பொறுப்பு என்றால், வீட்டு நாய் யார் பொறுப்பு?

வீட்டு நாய்தானே, வெளியே போவதில்லையே என்று நாம் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ராஜா காலையில் கேட்டைத் திறந்தவுடன் தெருமுனை வரை ஓடி வருவான். ஒரு நிமிடம் போதும். சின்ன வயதில் இரண்டு ஊசி போட்டாச்சே என்றும் நினைத்தேன். அது நாளாக ஆகக் குறையும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஒரு மாதத்தில் இன்னொன்று, அதன்பின் வருடம் தவறாமல் ஒன்று. இதுதான் நம் ஊரில் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் முறை. பூனைக்கும் உண்டு. குட்டி கடித்தால் ஒன்றும் ஆகாது என்பதும் பொய். 2025-இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு கபடி வீரர், சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றும்போது பட்ட கடியை அலட்சியம் செய்து இறந்துபோனார். நல்லது செய்யப் போன பிள்ளை.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருடத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் உலகம் முழுவதும் இறக்கிறார்கள். 99 சதவீதம் நாய் மூலமாக. பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு முகம்தான் தெரிகிறது.

பேரன் கதைக்கு வருகிறேன். டாக்டர் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசி போட்டார். அன்றே தடுப்பூசியும் தொடங்கினார். மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28-ஆம் நாள் என்று வரச் சொன்னார். "நாயைக் கட்டி வச்சு பத்து நாள் பாருங்கம்மா. நல்லா இருந்தா கவலை இல்லை" என்றார். கடிக்கும்போது நாயின் எச்சிலில் கிருமி இருந்தால் அது பத்து நாளுக்குள் நோயில் விழுந்துவிடும் என்பதுதான் அந்தக் கணக்கு.

அந்தப் பத்து நாளும் என் மகள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. குறை சொல்லவும் இல்லை. தினமும் காலையில் ராஜா முன்னால் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு நின்று பார்ப்பேன். அவன் நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். பதினோராம் நாள் பேரன், "ஆயா, ராஜாவைத் திட்டாதே, நான்தான் தட்டைத் தொட்டேன்" என்றான்.

நான் ராஜாவைத் திட்டவே இல்லை.

ராஜா நன்றாக இருக்கிறான். அன்றைக்கே அவனுக்கும் ஊசி போட்டாச்சு. அட்டை இப்போது பீரோவில் இல்லை. காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறது.

பிள்ளைகளே, ஓய்வு பெற்ற டீச்சர் தரும் வீட்டுப்பாடம் இது. இன்றைக்கே உங்கள் வீட்டு நாய், பூனையின் அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் நாளைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். நம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. செப்டம்பர் 28-ஐ ஒட்டியும், ஜோசப்புக்கு ஊசி போட்ட ஜூலை 6-ஐ ஒட்டியும் பல ஊர்களில் இலவச முகாம் நடத்துகிறார்கள். தெருவில் சோறு வைக்கும் நாய் இருந்தால் அதையும் உங்கள் நாயாக எண்ணி அழைத்துப் போங்கள்.

கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். தொடங்கிய ஊசியைப் பாதியில் விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளைகளை ஊசியைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். கடித்தால் உடனே வந்து சொல்லு, திட்ட மாட்டேன் என்று சொல்லி வையுங்கள். இதை மட்டுமாவது எனக்காகச் செய்யுங்கள்.

அட்டையைப் பார்த்தவர்கள் கீழே "பார்த்தேன் டீச்சர்" என்று எழுதுங்கள். வருகைப் பதிவு எடுத்துக் கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ரெட்டியார்பாளையம், புதுச்சேரி.